பகலில் பள்ளித் தலைமையாசிரியர், மற்ற நேரம் கௌரவ ஆயர்: கடற்கரைச் சேகரத்தில் வாரத்தை எப்படிப் பிரிப்பது?

கரைவலை எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மண்டபம் ஒன்றியத்தில் பாக் நீரிணைக் கரையோரம் ஓர் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, 41 பிள்ளைகள். உதவிக்குரு (டீக்கன்) காலம் முடிந்து அடுத்த மாதம் கௌரவ ஆயராக, அதாவது சம்பளமில்லாத போதகராக, அபிஷேகம் ஆகிறது. மூன்று சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி இருக்கிற கடற்கரை ஊரில் 22 குடும்பம். 6 கிலோமீட்டர் உள்ளே பனங்காட்டு ஊரில் 14 குடும்பம். மதுரை - ராமேசுவரம் நெடுஞ்சாலை ஓரத்து ஊரில் 30 குடும்பம். ஆயருக்கு உதவியாக ஆராதனை, ஜெபம் நடத்தும் உபதேசியார் ஒருவர்தான். வண்டி உண்டு.

தெரிந்துகொள்ள வேண்டியவை: ஞாயிறு ஆராதனை நேரத்தை மூன்று ஊருக்கும் எப்படி வைப்பது? பள்ளி நாளில் அடக்கம் வந்தால் என்ன செய்வது? ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் எங்கே தப்பு வரும்? பள்ளிப் பக்கம் எதில் கவனம் வேண்டும்? இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பழைய சேகரம் எழுதியது:

முதலில் நேரம். நகரத்துச் சபைக்கு அச்சடித்த காலை 8 மணியை இங்கே கொண்டுவந்தால் ஆள் வராது. "பக்தி குறைந்துவிட்டது" என்று பிரசங்கத்தில் திட்டுவதுதான் மிஞ்சும். ராமேசுவரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். போன படகு மறுநாள் காலை கரை சேரும். ஆக சனிக்கிழமை போனவர்கள் ஞாயிறு காலை மீன் இறக்கிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் தரம் பிரிக்கவும் ஏலத்துக்கும் நிற்பார்கள். பங்கு பிரித்து, வலையைப் பார்த்து, குளித்து வர 10 மணி தாண்டும். அதனால் கடற்கரைச் சபைக்கு 10.30. நாட்டுப்படகுக்கு நாட்கள் வேறு, அது துறைக்குத் துறை மாறும். உங்கள் துறையில் எந்த நாள் என்று சங்கத் தலைவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பனங்காட்டு ஊருக்கு மாசி முதல் ஆடி வரை பதநீர்க் காலம். ஏறுகிறவர் காலையும் மாலையும் பாளை சீவ மரத்தில் இருப்பார். இறக்கிய பதநீர் பொங்குவதற்குள் அடுப்பேற வேண்டும், அதனால் வீட்டுப் பெண்கள் மதியம் வரை கருப்பட்டிக் கொப்பரையை விட்டு நகர முடியாது. அங்கே இரவு 7.30தான் சரி. நெடுஞ்சாலை ஊரில் கூலி வேலைக்காரர்களும் அலுவலகம் போகிறவர்களும். அவர்களுக்குக் காலை 7. இப்படி வைத்தால் ஒரே பிரசங்கத்தை மூன்று இடத்திலும் நின்று நிதானமாகச் சொல்ல முடியும். ஆனால் மூன்றாவது இடத்தில் குரல் கம்மிவிடும். பகலில் இரண்டு மணி நேரம் தூக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். திங்கள் காலை முதல் வகுப்புப் பிள்ளைக்கு முன்னால் நிற்கப்போவதும் அதே தொண்டைதான்.

திருவிருந்தை (அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் ஆராதனை) மூன்று சபைக்கும் ஒரே ஞாயிறு வைக்க வேண்டாம். முதல் ஞாயிறு ஒன்று, இரண்டாம் ஞாயிறு இன்னொன்று என்று சுற்றில் விடுங்கள். நீங்கள் திருவிருந்து நடத்தும் ஊரில் நீங்கள் இருங்கள், மற்ற ஒரு ஊரில் உபதேசியார் ஆராதனை நடத்தட்டும். திராட்சை ரசம் இங்கே சீக்கிரம் புளிக்கும். கால் கிலோ கறுப்பு உலர் திராட்சையை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து, மசித்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடித்தால் அரை லிட்டருக்குக் குறையாமல் வரும். ஆளுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் 100 பேருக்குப் போதும். சனிக்கிழமை செய்தால் போதும், வியாழனே செய்து வைத்தால் நுரை கட்டும். பாத்திரம் வெள்ளி முலாம் என்றால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உப்புக்காற்றில் கறுத்ததைப் போக்க மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். புளி பித்தளைக்கு.

வீடு சந்திப்புக்கு நாள் குறிக்கிற வழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். காற்று பலமாக இருந்து மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாளில்தான் ஆம்பிளைகள் வீட்டில் இருப்பார்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்ற செய்தி வந்தால், அன்று சாயங்காலம் 5 முதல் 8 வரை கடற்கரை ஊருக்கு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதில் முதல் இரண்டு வாரம் வீட்டில் இருப்பார்கள், படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள். பிறகு கையில் காசு தீர்ந்து, பலர் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார்கள். சந்திக்க வேண்டியவர்களை ஏப்ரலுக்குள் சந்தித்துவிடுங்கள். ஜூன் 14 சாயங்காலம் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். படகு ஒவ்வொன்றிலும் ஜெபிக்கக் கூப்பிடுவார்கள், சபையில் இல்லாதவர்களும் கூப்பிடுவார்கள். போங்கள்.

இன்னொன்று, யாரும் பாடத்திட்டத்தில் சொல்லித் தராதது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால், மனு எழுத முதலில் ஓடி வருவது வாத்தியாரும் ஐயருமாக (ஆயரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இருக்கிற உங்களிடம்தான். அந்த நேரத்தில் அழுகிற வீட்டில் போய் ஆவணம் தேட முடியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் முன்னமே இருக்கட்டும்: பெயர், தகப்பன் பெயர், வயது, ஆதார் நகல், மீனவர் அடையாள அட்டை நகல், வேலை பார்க்கிற படகின் பதிவு எண். நம் மாவட்டப் படகு என்றால் எண் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும். கடைசி இலக்கங்களைத் தப்பாக எழுதினால் மனு வேறு படகின் கோப்பில் போய்ச் சேரும். மனுவை மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தனித்தனியாக எழுதி, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

ஏட்டுக்காரர் எழுதியது:

பதிவேட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதுதான் நீங்கள் மாறிப் போன பிறகும் ஐம்பது வருடம் பேசும்.

ஞானஸ்நானம்: எழுதுவதற்கு முன் பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். வாயால் சொல்கிற தேதியை எழுதாதீர்கள். பாட்டி "பங்குனி உத்திரத்துக்கு மறுநாள்" என்பார், அப்பா வேறு தேதி சொல்வார், பள்ளியில் மூன்றாவது தேதி இருக்கும். நீங்கள் இரண்டு ஏட்டுக்கும் பொறுப்பு. ஆறு வயசில் அந்தப் பிள்ளை உங்களிடமே ஒன்றாம் வகுப்பு சேர வரும்போது இரண்டு ஏட்டிலும் இரண்டு தேதி, இரண்டிலும் உங்கள் கையெழுத்து என்று ஆகக் கூடாது.

பெயரும் அப்படித்தான். சான்றிதழில் கார்த்திகா, கோயிலில் ஜெபராணி என்று இருக்கும் வீடுகள் நிறைய. ஏட்டில் இரண்டையும் எழுதுங்கள்: "கார்த்திகா என்ற ஜெபராணி". முன்னெழுத்தை விரித்து எழுதுங்கள், தகப்பன் பெயரை "எம். ராஜன்" என்று விடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏறாமல் இருந்தால், 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம் என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். ஞானஸ்நானத்துக்கு வருகிற நாள்தான் அதைச் சொல்ல வசதியான நாள்.

திருமணம்: 1872ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றை மேஜையில் வையுங்கள். திருமணம் நடத்தும் அதிகாரம் உங்கள் பெயருக்கு எழுத்தில் வந்திருக்கிறதா என்று திருமண்டல (டயோசிஸ்) அலுவலகத்தில் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். உபதேசியார் சிலரிடம் 9ஆம் பிரிவு உரிமம் இருக்கும். அது அவர் பெயருக்கோ பதவிக்கோ கொடுத்தது, உங்களுக்குச் செல்லாது. ஓலை (திருமண அறிவிப்பு) மூன்று ஞாயிறு, இரு வீட்டார் சபையிலும் வாசித்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்ததற்கு ஆவணம், சொல் அல்ல. நேரம் காலை 6 முதல் மாலை 7க்குள். வரவேற்பு தாமதமாகி 7.15க்குத் தாலி கட்டுகிறோம் என்று வற்புறுத்துவார்கள். சம்மதிக்காதீர்கள். சாட்சிகள் இரண்டு பேர், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களாக, உள்ளூர்க்காரர்களாக இருந்தால் நல்லது. பத்து வருடம் கழித்து ஆளைத் தேட வேண்டி வரும்.

தப்பு வந்தால் வெள்ளை மை பூசக் கூடாது, சுரண்டக் கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. 78ஆம் பிரிவு வழி சொல்கிறது: பிழை கண்ணில் பட்ட ஒரு மாதத்துக்குள், மணமக்கள் முன்னிலையில், அவர்கள் இல்லையென்றால் நம்பகமான இரண்டு சாட்சிகள் முன்னிலையில், மூலப் பதிவைத் தொடாமல் ஓரத்தில் திருத்தம் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கொடுத்த சான்றிதழிலும் அதே திருத்தம் ஏற வேண்டும். நகல் மேலே அனுப்பியாகிவிட்டது என்றால் திருத்தத்தின் நகலும் போக வேண்டும். நடைமுறையில் வருகிற பிழை முக்கால்வாசி பெயர் எழுத்துக்கூட்டல். வெளிநாட்டு விசாவுக்குப் போகும்போதுதான் அது வெளியே வரும். எனவே கையெழுத்து வாங்குவதற்கு முன்பே மணமக்கள் இருவரையும் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டத்தையும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். போட்டோகிராபர் அவசரப்படுத்துவார். அவர் காத்திருக்கட்டும்.

ஏட்டைப் பாதுகாப்பது இந்தக் கரையில் தனி வேலை. உப்பு ஈரம் தாளை நமுக்கும், பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இரும்பு பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களுக்கு அடியில் கல் வைத்து நிறுத்துங்கள். ஏட்டைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். மாதம் ஒரு முறை வெயில் படாத, காற்று வருகிற இடத்தில் அரை மணி நேரம் திறந்து வையுங்கள். பழைய ஏட்டின் முதுகு விட்டிருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரும்பு மொட்டு மலர் எழுதியது:

பள்ளிப் பக்கம்.

ஐயா, ஒரு கோட்டை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். அரசு உதவிபெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்க முடியாது. அரசியலமைப்பின் 28(3) அதைத்தான் சொல்கிறது. இந்தக் கரையில் உங்கள் பள்ளிப் பிள்ளைகளில் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் கணிசமாக இருப்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, செய்தி வாசிப்பு என்று காலைக் கூட்டம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். வேத வகுப்பு வேண்டுமென்றால் பள்ளி நேரத்துக்கு வெளியே, எழுத்துச் சம்மதத்தோடு. கோயிலைப் பெருக்க, பண்டிகைக்கு நாற்காலி தூக்கப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். நீங்கள் ஆயர் ஆகிவிட்டபடியால், முன்பு யாரும் கவனிக்காத சின்ன விஷயத்தையும் இனி கவனிப்பார்கள். அது நியாயமும்கூட.

அதே போல, பள்ளி நிர்வாகத்திடம் ஊழியத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சபையிலிருந்து சம்பளம் என்ற பெயரில் எதுவும் வாங்காதீர்கள், அதனால்தான் கௌரவ ஆயர் என்று பெயர். பயணச் செலவை நாள், ஊர், கிலோமீட்டர் எழுதித் தனிச் சீட்டில் வாங்கலாம்.

விடுப்பு: வருடத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். மூன்று சபையில் அடக்கம், திருமணம், திருமண்டலக் கூட்டம் என்று கணக்குப் போட்டால் ஆகஸ்டுக்குள் தீர்ந்துவிடும். கூட்டங்களுக்கு எடுக்காதீர்கள், சாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஆசிரியர் விடுப்பில் இருக்கிற நாளில் நீங்களும் போனால் பள்ளி மூடப்படும். அந்த ஒரு நாள் போதும், பேர் கெட.

பாடம்: 1 முதல் 3 வரை ஒருவர், 4, 5 இன்னொருவர். சின்ன வகுப்புகளுக்கு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்காரவைப்பதால் மூன்று வகுப்பை ஒரே அறையில் நடத்த முடிகிறது. நீங்கள் எதை எடுப்பது? தலைமையாசிரியர்கள் 4, 5 எடுத்துக்கொள்வது வழக்கம். நீங்கள் 1 முதல் 3 எடுங்கள் என்பேன். தொலைபேசி அடித்ததும் எழுந்து போக முடியாத வகுப்பு அது, உங்களை நாற்காலியில் கட்டிப்போடும்.

வருகை: படகு கரை வருகிற செவ்வாய், வியாழன் காலை 4, 5ஆம் வகுப்புப் பையன்களில் சிலர் மீன் பொறுக்கப் போவார்கள். கடல்பாசி எடுக்கப் போகிற தாய்மார் வீட்டில், கடல் வற்றுகிற நேரம் காலையாக இருந்தால் மூத்த பெண்பிள்ளை தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும். புதுப் பாடத்தைத் திங்கள், புதன், வெள்ளியில் தொடங்குங்கள், செவ்வாய் வியாழன் பயிற்சிக்கு. வராத பிள்ளை வீட்டுக்கு அன்று சாயங்காலமே போங்கள். ஐயராகப் போகாதீர்கள், வாத்தியாராகப் போங்கள், நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு.

சத்துணவு: தொடக்க வகுப்புக்குப் பிள்ளை ஒன்றுக்கு அரிசி 100 கிராம். 41 பேர் என்றால் 4 கிலோ 100. இருப்புப் புத்தகமும் வருகையும் அன்றன்றைக்கு ஒத்துப்போக வேண்டும். மீதி அரிசியைச் சபை அசனத்துக்கு (சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்து) கடனாகக்கூட எடுக்க விடாதீர்கள், "நாளைக்குத் திருப்பி வைத்துவிடுகிறோம் ஐயா" என்று கேட்பவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள். குடிநீர்த் தொட்டி 1000 லிட்டர் என்றால் பிளீச்சிங் பவுடர் 4 கிராம், வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணி கழித்துத் திறக்க வேண்டும். கடற்காற்றில் பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். மூடி இறுகிய டப்பாவில் கொஞ்சமாக வாங்குங்கள், மணம் போய்விட்டால் தூக்கி எறியுங்கள்.

கிளைப்பங்கு எழுதியது:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். கடற்கரை ஊர்களில் எங்கள் ஆட்கள்தான் அதிகம், உங்கள் 22 குடும்பத்தில் பாதிக்காவது எங்கள் வீடுகளில் சம்பந்தம் இருக்கும். எங்கள் திருவிழா நாட்களை உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 4 அருளானந்தர் திருநாள், 1693இல் ஓரியூரில் அவர் வேதசாட்சியான நாள். ஊர் ஊராக ஓரியூருக்குப் போவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. அந்த நாட்களில் தேர்வு வைத்தால் பாதி வகுப்பு காலி. ஏர்வாடி சந்தனக்கூடும் அப்படியே, அதற்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் போவார்கள். கலப்புத் திருமணம் என்றால் எங்கள் பங்குத்தந்தையை ஓலை வாசிக்கும் முன்பே பாருங்கள், எங்கள் பக்கம் ஆயரிடம் (எங்களுக்கு ஆயர் என்றால் பிஷப்) எழுத்து அனுமதி வர நாளாகும்.

அடக்கம்: பள்ளி நாளில் சாவு என்றால், உபதேசியார் காலையில் வீட்டு ஜெபம் நடத்தட்டும், அடக்கம் மாலை 4.45க்கு என்று வையுங்கள். இந்தப் பக்கம் மக்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள், வெளியூர் உறவு வந்து சேரவும் அதுதான் தோது. இரவு இறந்தால் குளிர்பெட்டி சொல்லிவிடுங்கள். குழி விஷயம்தான் மணலில் சிக்கல். நேராகத் தோண்டினால் மூன்றடியில் சரியும். தோண்டும் முன் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி மணலை இறுக்கி, மேல் வாயை 8 அடிக்கு 4 அடி என்று அகலமாக எடுத்து, சரிவாக இறங்கி, கடைசி இரண்டடியை மட்டும் நேராக வெட்ட வேண்டும். பக்கவாட்டில் பலகையோ பனைமட்டையோ நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நான்கடியில் தண்ணீர் ஊறும், அதற்கு மேட்டுப் பக்கம் இடம் ஒதுக்கி வைத்திருப்பது நல்லது. ஆட்கள் நாலு பேர் மதியம் 1 மணிக்கே இறங்கிவிட வேண்டும். வீட்டில் நடந்த சாவை 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதியச் சொல்லி, உங்கள் அடக்கப் பதிவேட்டில் அந்தப் பதிவு எண்ணையும் பிற்பாடு ஏற்றிக்கொள்ளுங்கள்.

கரைவலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அரிசிக் கடன் விஷயம் போன பண்டிகையிலேயே கேட்டார்கள், நல்ல வேளை கொடுக்கவில்லை. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் பொருட்களை ஏலம் விடுகிறோம், அதற்குக் கணக்கு எப்படி வைப்பது? கருவாடு, கருப்பட்டி, கோழி, தேங்காய் எல்லாம் வரும். பாதிப் பேர் கடனுக்குத்தான் எடுக்கிறார்கள்.

பழைய சேகரம் எழுதியது:

பொருள் வரும்போதே ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு, கொடுத்தவர் பெயர் எழுதி, அந்த எண்ணைப் பொருளில் ஒட்டுங்கள். ஏலத்தில் எண், எடுத்தவர், தொகை, ரொக்கமா பாக்கியா என்று நான்கு கட்டம். எழுதுகிறவர் ஒருவர், காசு வாங்குகிறவர் வேறொருவர், நீங்கள் இரண்டும் இல்லை. காணிக்கைப் பையும் அப்படியே: ஆராதனை முடிந்த உடனே இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, திங்களே வங்கிக்கு. பள்ளிப் பணமும் சபைப் பணமும் ஒரே பீரோவில்கூட இருக்க வேண்டாம். பாக்கியைத் தடைக்காலத்தில் கேட்காதீர்கள். ஜூன் 15க்குப் பிறகு முதல் இரண்டு பாடு (கடலுக்குப் போய்வருவது) முடியட்டும், ஜூலை முதல் வாரம் பொருளாளர் போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பாக்கிப் பட்டியலைக் கோயிலில் வாசிக்கிற வழக்கம் சில சபையில் உண்டு. உங்கள் காலத்தில் அதை நிறுத்திவிடுங்கள், அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஏட்டுக்காரர் எழுதியது:

அசனத்துக்கு அரிசி 100 பேருக்கு 11 கிலோ போடுங்கள். பொறுப்பேற்கிற அன்று முந்தைய ஆயரிடம் பதிவேடுகளை எண்ணி வாங்கி, ஒவ்வொன்றிலும் கடைசிப் பதிவின் வரிசை எண்ணை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். திருமணச் சான்றிதழ் புத்தகத்தில் வெற்றுத் தாள்கள் எத்தனை என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.